ப்ராக்மாட்டிக் தம்பி

"அண்ணன் சாம்பல் இன்னும் ஆறல. மண்வெட்டியத் தூக்கிட்டுக் கிளம்பிட்டான் பாருங்க!"

வேல்சாமி வீட்டுப் பந்தலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். செத்த வேல்சாமியின் தம்பி கருத்தப்பாண்டி, சுடுகாட்டில் சாம்பல் அள்ளும் காடாத்து முடிந்த கையோடு தெருவில் இறங்கி நடந்துகொண்டிருந்தான்.

"பங்குக் கிணத்துல இன்னிக்கு அவன் முறை. கரண்டும் மத்தியானத்தோட போயிரும். மிளகா பூத்து நிக்குதுல்லா," என்றார் டீக்கடை மம்மது.

"அதுக்காக? துக்கம் கேக்க வாரவங்களுக்குக் கை கொடுக்க ஆள் வேண்டாமா?"

கேட்டவர் சங்கரபாண்டி சார். சங்கரன்கோவிலில் இங்கிலீஷ் வாத்தியார். இழவு வீட்டிலும் பாடம் எடுக்காமல் இருக்க முடியாத மனுஷன்.

"இங்கிலீஷ்ல இவன மாதிரி ஆளுக்குன்னே 'ப்ராக்மாட்டிக்'னு ஒரு வார்த்தை உண்டும் வே."

"அப்படின்னா?"

"மனசு என்ன சொல்லுதுன்னு பாக்க மாட்டான். ஆக வேண்டிய காரியம் எதுன்னு மட்டும் பாப்பான்."

"அது பாராட்டா, ஏச்சா சார்?"

"சொல்லுத இடத்தைப் பொறுத்தது. கலெக்டரைச் சொன்னா பாராட்டு. கூடப்பிறந்தவன் செத்த மறுநாளே தண்ணி பாய்ச்சப் போறவனைச் சொன்னா ஏச்சு."

பந்தலே தலையாட்டியது. ஒருத்தர் துண்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

"அண்ணாச்சி..."

வேல்சாமியின் பெண்சாதி இசக்கித்தாய் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எங்க கொழுந்தனார ஒண்ணும் சொல்லாதீங்க."

"இல்லம்மா, ஊர் என்ன பேசும்..."

"எங்க முறை முந்தாநாளு. எங்க வீட்டுக்காரரு மூச்சு இழுத்துக்கிட்டுக் கிடந்தாக. தண்ணி பாய்ச்ச யாரு இருக்கா? அந்த மிளகாதான் எம்பிள்ளைகளுக்கு இந்த வருசக் கஞ்சி. பூவெல்லாம் கொட்ட ஆரம்பிச்சிட்டு."

"சரிம்மா. இன்னிக்கு முறை அவனோடதுதானே? தன் செடிக்குத் தண்ணி காட்டத்தானே போறான்?"

இசக்கித்தாய் தெருவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"'என் செடி காஞ்சா காஞ்சிட்டுப் போகுது மதினி. இன்னிக்கு என் தண்ணி பூரா ஒங்க வயலுக்குத்தான்'னு சொல்லிட்டுப் போறாக அண்ணாச்சி!"