பாதியில் நிற்கும் பாட்டு

பாகலூரில் தன் வீட்டு வாசலில் நிற்பவர் ரேடியோ லைசென்ஸ் இன்ஸ்பெக்டர் என்றதும் தேவமணி பொரிந்து தள்ளினாள்.

“வருசத்துக்குப் பதினஞ்சு ரூவா வாங்குறீங்களே, நிகழ்ச்சியாங்க அது? எந்நேரமும் கன்னடத்துல சேதி, இல்லைன்னா உரம், பூச்சிமருந்து. நல்ல பாட்டு வந்தா பாதியிலயே நின்னுடுது!”

“நிலையத்துல அப்படி நிறுத்த மாட்டாங்களேம்மா. சரி, உங்க ரேடியோவக் காட்டுங்க.”

“எங்களுக்கேதுங்க ரேடியோ? பக்கத்து வீட்டு நாராயணப்பனோடது. செவுத்துக்கு இந்தப் பக்கம் உக்காந்து கேக்கறதுதான்.”

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். “இப்பத்தான் அவர் வீட்டுக்குப் போயிட்டு வர்றேன். ரேடியோவே இல்லைன்னு சத்தியம் பண்ணாரே!”

தேவமணி நாக்கைக் கடித்துக்கொண்டாள். “அப்ப... என் காதுதான் சரியில்லீங்க.”

சுவருக்கு அப்பாலிருந்து கெஞ்சும் குரல் வந்தது.

“அக்கா, இனிமே பாட்டை நிறுத்தவே மாட்டேன். அவர அனுப்பி வெய்யுங்க!”