நிழல் மட்டும் பாக்கி

“கம்ப்யூட்டர்ல கை வெச்சது யாரு?”

மாமனார் போட்ட சத்தத்தில் மாப்பிள்ளை நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார்.

லீவுக்கு வந்த மறுநாளே மாப்பிள்ளையை அதட்டுகிற மாமனார் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருக்கும்.

“நான்தான் மாமா. அத்தை கார் ரேஸ் ஆடும்போது பார்த்தேன். கார் திக்கித் திக்கிப் போகுது. பாவமா இருந்துச்சு. சரி பண்ணிட்டேன்.”

“என்னத்தைச் சரி பண்ணீங்க?”

“இந்த கம்ப்யூட்டர்ல ஓடற லினக்ஸ் சிஸ்டத்தோட வர்ற அலங்காரம்தான் மாமா. ஒவ்வொரு விண்டோவுக்கும் பின்னாடி மெத்துனு ஒரு நிழல். பழைய மெஷின், நிழலை வரைஞ்சு வரைஞ்சே களைச்சுப் போகுது. அப்புறம் கார் எங்கே ஓடும்? மத்த அலங்காரத்தை எல்லாம் நீங்களே நிறுத்தி வெச்சிருக்கீங்க. இதை மட்டும் ஏனோ விட்டுட்டீங்க. எடுத்துட்டேன். இப்ப பறக்குது!”

“எனக்கு நிழல் வேணும்.”

“எதுக்கு மாமா?”

“அழகுக்கு.”

மகளுக்குப் பொறுக்கவில்லை. “சட்டையை இஸ்திரி போட்டு மாட்டத் தெரியாத மனுஷனுக்கு அழகா? நல்லது பண்ணினவர்கிட்ட எரிஞ்சு விழறீங்க. அவர் உங்க மாப்பிள்ளைப்பா! அம்மாவுக்கு இருக்கிறதே இந்த ஒரு பொழுதுபோக்கு. உங்க பகட்டுக்காக அவ கார் நொண்டணுமா?”

மாமனார் சமையலறைப் பக்கம் பார்த்தார். பாத்திரச் சத்தம் கேட்டது. குரலைத் தாழ்த்தினார்.

“நொண்டட்டும்னுதான் வெச்சேன்.”

“என்னப்பா சொல்றீங்க?”

“பக்கவாதம் வந்த கை. விரலுக்கு வேலை கொடுங்கன்னார் டாக்டர். இந்த கேமைப் போட்டுக் கொடுத்தேன். அவ பட்டனை அழுத்தறதுக்குள்ள கார் போய்ச் சுவத்துல முட்டும். திரும்பவும் சுவரு. ‘இது செத்த கை, விட்டுடுங்க’ன்னு எழுந்து போனவதான். அப்புறம் அந்தக் கையை முந்தானைக்கு வெளியே எடுக்கலை.”

மகளும் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“அப்பதான் செட்டிங்ஸ்ல இருந்த அலங்காரம் அத்தனையும் போட்டேன். இழுத்தா விண்டோ ஜெல்லி மாதிரி ஆடும். மூடினா புகையாக் கரையும். கார் எறும்பா ஊர்ந்துச்சு. உங்கம்மா ஜெயிச்சா. கை தேறத் தேற ஒவ்வொண்ணா எடுத்துட்டு வந்தேன், அவளுக்குத் தெரியாம. நிழல் மட்டும் பாக்கி. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்னு இருந்தேன். திரும்பவும் ‘செத்த கை’ன்னுட்டா யார் பதில் சொல்றது?”

மாப்பிள்ளை நாக்கைக் கடித்துக்கொண்டார். “ஐயோ மாமா, இதோ திரும்பப் போட்டுடறேன்...”

“தள்ளுங்க மாப்பிள்ளை. ஒரு ஆட்டம் ஆடிட்டு வந்து காபி போடறேன்.”

மாமியார் வந்து உட்கார்ந்தே விட்டார்.

“இப்ப வேண்டாம்டி,” என்றார் கணவர். “மெஷின் சூடா இருக்கு.”

“நீங்களும்தான் சூடா இருக்கீங்க. உங்களோட குடும்பம் நடத்தலையா?”

ஆட்டம் தொடங்கியது. கார் சீறிக்கொண்டு கிளம்பியது. கணவர் கண்ணை மூடிக்கொண்டார்.

முதல் வளைவு. வலது கை விரல் பட்டனைத் தட்டியது. கார் திரும்பியது.

அடுத்த வளைவில் சுவரை உரசித் தப்பியது.

தன் காரை ஒடித்துத் திருப்பி, முன்னால் போன சிவப்புக் காரை முந்தி, கோட்டைத் தாண்டினார் மாமியார்.

முதல் இடம்!

கணவர் கண்ணைத் திறந்தார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். “பார்த்தீங்களா மாப்பிள்ளை? எல்லாம் நான் பழக்கின பழக்கம்!”

“பழக்கினீங்க, யார் இல்லேன்னா? ஆனா விண்டோ ஆடறது திடீர்னு நின்னா, புகை காணாமப் போனா, எனக்குத் தெரியாதா? கைதானே விழுந்துச்சு, கண்ணுமா?”

அவர் திருதிருவென்று விழித்தார்.

“நீங்க ஒவ்வொண்ணா எடுக்கறதைப் பார்த்துக் கத்துக்கிட்டு, ரொம்ப நாளாவே நிழலை எடுத்துட்டுத்தான் ஆடறேன். நீங்க கடைக்குக் கிளம்பினதும் எடுப்பேன், திரும்பறதுக்குள்ள போட்டு வெச்சிடுவேன். ஆட்டத்துல நான் ஜெயிக்கிறப்ப உங்க முகத்துல ஒரு பெருமை வரும் பாருங்க... அதைப் போய்க் கெடுப்பாங்களா?”