ஏழாவது அட்டை

"ஏழாவது அட்டையையுமா கிழிச்சீங்க?" எஃப்ரென் அந்த இசைத்தட்டு உறையட்டையைத் தூக்கிக் காட்டினான்.

எழுபதைத் தாண்டிய இசித்ரோ தலை குனிந்து நின்றார். மேல் மூலையில் ஒட்டியிருந்த பழைய விலைச்சீட்டை உரித்திருக்கிறார். சீட்டோடு படமும் பிய்ந்து வந்துவிட்டது. நடுவில் சிரிக்கும் பாடகியின் முகத்தில் ஒரு கீறல் இல்லை.

மணிலாவில், குபாவோ பக்கம் பழைய இசைத்தட்டுக் கடை வைத்திருப்பவன் எஃப்ரென். எண்பத்து நான்கில் வெளிவந்து, வந்த சுவடே தெரியாமல் போன நெனித் கரிங்காலின் பாட்டுத் தொகுப்பை ஒரு குப்பை மூட்டையிலிருந்து எடுத்தவன் அவன்தான். முதல் பாட்டையே நாலு தடவை திருப்பிப் போட்டுக் கேட்டான். இப்படி ஒரு குரலை ஊர் எப்படித் தவறவிட்டது?

இணையத்தில் போட்டுக் காட்டினான். இளவட்டங்கள் தேடி வந்தார்கள். அவர்களுக்காக அலைந்து சேர்த்த பிரதிகளைத்தான் இந்த மனிதர் ஒவ்வொன்றாக வாங்கிப் போனார். அதுவும் தட்டைக் கடையிலேயே விட்டுவிட்டு, அட்டையை மட்டும்.

முதல் நாளே அவர் கேட்டது, சுவரில் கண்ணாடிக்குள் மாட்டியிருந்த எஃப்ரெனின் சொந்தப் பிரதியைத்தான். சீட்டு ஒட்டாத ஒரே பிரதி அது. விற்பதற்கில்லை என்று அன்றே சொல்லிவிட்டான். இன்று மறுபடியும் அதையே கேட்டார். முடியாது என்றதும் கண்ணாடியருகே போய், மூக்கு முட்டுகிற மாதிரி நின்றுகொண்டார்.

எஃப்ரெனுக்குப் பொறுமை போயிற்று.

"இதுல ஒரு பாட்டையாவது கேட்டிருக்கீங்களா? பொம்பள மூஞ்சிக்காக ஒரு பொக்கிஷத்தையே நாசம் பண்றீங்க. இந்த வயசுலயும் நெனித் மேல அப்படி என்ன மயக்கம் பெரியவரே?"

கடையில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள்.

இசித்ரோ கோபப்படவில்லை. வெள்ளம் வந்த வருஷம் வீடும் போயிற்று, வீட்டில் இருந்தவர்களும் போனார்கள், பார்த்துக்கொள்ள ஒரு புகைப்படம்கூட மிஞ்சவில்லை என்று யாரோ அயலார் கதையைப் போலச் சொன்னார்.

பிறகு அவர் கண்ணாடியில் விரல் வைத்தார்.

"பாடுற பொண்ணு யாருன்னே எனக்குத் தெரியாது தம்பி. அவளுக்குப் பின்னாடி, அந்த மேல் மூலையில, சர்ச் வாசல்ல பூ விக்கிறா பாருங்க, அது என் மக."