முதல் பெட்டி

கண்மாய்க்குள் மண்டிய சீமைக்கருவேலத்தை ஒழிக்க அரசு வண்டுகளைப் பெட்டிகளில் கொண்டுவந்த நாளில், முதல் பெட்டியை யார் திறப்பது என்று ஊர் இரண்டுபட்டது. கோயிலில் முதல் விபூதி எங்கள் வீட்டுக்குத்தான், பெட்டியும் எங்களுக்குத்தான் என்று விடாப்பிடியாக நின்று தன் கையாலேயே திறந்தவர் சோலைமலை அம்பலம்.

மூன்றே ஆண்டுகளில் சீமைக்கருவேலம் அற்றுப்போனது. பசித்த வண்டுகள் அதன் இனத்து மரமான வன்னியைத் தேடிப் போயின. ஏழு தலைமுறையாக அம்பலம் வீட்டார் அம்பு போட்ட கோயில் வன்னி, இந்த விஜயதசமிக்கு ஓர் இலைகூட இல்லாமல் நின்றது.

அதன் அடியில் இன்று இன்னொரு பெட்டி. வண்டைத் தின்னும் குளவிகள் உள்ளே இரைந்துகொண்டிருந்தன.

"வண்டு தீந்துபோனா இது எதத் தின்னும், தம்பி?" என்று பெட்டி கொண்டுவந்த அதிகாரியிடம் அம்பலம் கேட்டார். அன்றைக்கு அவர் கேட்காமல் விட்ட கேள்வி.

"அத இன்னும் பாத்துக்கிட்டிருக்கோம், ஐயா."

கூட்டம் பின்வாங்கியது. நாற்பது வருடமாக முதல் மரியாதைக்கு வழக்காடிய பங்காளி வெள்ளைக்கண்ணு மட்டும் முன்னால் வந்து கைகூப்பினார்.

"உங்க வீட்டு உரிமைதாண்ணே. எங்களுக்கு வேணாம். நீங்களே தெறங்க."

யாரோ சிரித்தார்கள்.

"வாங்கப்பா, வீட்டுக்குப் போவோம்" என்று மகன் தோளைத் தொட்டான்.

அம்பலம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். தாழ்ப்பாளைப் பிடித்தபடி இலையற்ற வன்னியை நிமிர்ந்து பார்த்தார். இந்தப் பெட்டியையும் தன் கையாலேயே திறந்தார்.