தெய்வானை நிறுத்திய பாட்டு

அன்று அந்த வீட்டில் இருந்தவர்களைப் பெயரோடு சொல்லிவிடுவதே முறை. பின்னாளில் ஒருவரும் தான் அங்கே இல்லை என்று கையை உதறக் கூடாது.

மணையில், ஏழு மாத வயிற்றோடு சுகந்தி. வலப்பக்கம் அவள் மாமியார் ராஜாமணி. இடப்பக்கம் அவள் அத்தை, அப்பாவின் அக்கா தெய்வானை, மடியில் வளையல் தட்டு. நிலைப்படியில் சாய்ந்து நின்றவன் கணவன் தரணிபதி. வாசல் பந்தலில் ஆண்களோடு, நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தவர் சுகந்தியைப் பெற்ற சென்னியப்பன்.

சுற்றிலும் இரண்டு வீட்டுப் பெண்கள்.

புளிச்சோறும் எள்ளுச்சோறும் தயிர்ச்சோறும் பிறந்த வீட்டிலிருந்து வந்திருந்தன. கட்டுச்சோறு விருந்து முடிந்தால் பெண்ணைக் கூடவே அழைத்துப் போவது வழக்கம். அதற்குத்தான் வேன் பிடித்து வந்திருந்தார்கள்.

வந்து இறங்கியதுமே ராஜாமணி சொல்லிவிட்டாள், பிரசவம் இங்கேயே இருக்கட்டும் என்று. தாயில்லாத வீட்டில் யார் பார்ப்பார்களாம்.

சென்னியப்பன் மகளைப் பார்த்தார். சம்பந்தி வீட்டில் குரலை உயர்த்துவது அவர்கள் குடும்பத்தில் கிடையாது. மகள் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தால் போதும், அனுப்பி வையுங்கள் என்று கேட்டுவிடலாம் என்றிருந்தார்.

அவள் நிமிரவில்லை.

போனில் பேசும்போதெல்லாம் நன்றாக இருக்கிறேன் என்பாள். குரலில் ஒன்றும் தெரியாது. அவர் வளர்ப்பு அப்படி.

தெய்வானை பாட்டெடுத்தாள்.

பெண் வீட்டுப் பெண்கள் மாப்பிள்ளையைச் சீண்டும் பாட்டு. அடிக்கு அடி இருமுறை பாடுவார்கள். மற்றவர்கள் கைதட்டுவார்கள்.

"எங்க புள்ளைய ஏசுன வாய்க்கு
வேப்பெண்ணெ கொண்டாந்தோம் மாப்புள்ளே."

பெண்கள் பாடினால் அது கேலி. கேட்பவர்கள் சிரித்தாக வேண்டும். சிரித்தார்கள். ராஜாமணியும் சிரித்தாள்.

தரணிபதி இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினான்.

"அடுத்த அடி எனக்கே தெரியுமுங்க பெரியம்மா. எந்தக் கைன்னு மட்டும் சொல்லிப்போடுங்க."

பந்தலில் இருந்த ஆண்கள்கூடச் சிரித்துவிட்டார்கள்.

சுகந்தியின் கைகளில் விருந்தாளிகள் வரும் முன்பே சந்தனம் பூசியாகிவிட்டது. முழங்கை வரை. தடிமனாக.

வளையல் ஏறவில்லை. தெய்வானை பாடிக்கொண்டே கட்டைவிரலால் சந்தனத்தை வழித்தாள்.

"எங்க புள்ளைய அடிச்ச கைய..."

அங்கே நின்றுவிட்டது.

சந்தனத்துக்கு அடியில், கருநீலமாக, விரல்கள் பதிந்திருந்தன.

ராஜாமணி அவசரமாகச் சந்தனக் கிண்ணத்தை எடுத்தாள். கைதட்டல் ஒவ்வொன்றாக ஓய்ந்தது.

வெளியே நாற்காலி நகர்ந்தது.

சென்னியப்பன் நிலைப்படிக்கு வந்தார். அக்காவின் முகத்தைப் பார்த்தார். மகளின் கையைப் பார்த்தார்.

அவர் பாடி யாரும் கேட்டதில்லை. கோயிலில்கூட உதடு அசையாமல் கும்பிடுகிறவர்.

அக்கா விட்ட இடத்திலிருந்து எடுத்தார்.

"அடிச்ச கைய
அருவாமனை கேக்குது மாப்புள்ளே."

ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. ராகத்தையும் மாற்றவில்லை. அத்தனை காலமும் அடுப்படியில் காய் நறுக்கிக்கொண்டிருந்த வரி. அவர் குரலில் அது எழுந்து வாசலுக்கு வந்து நின்றது.

ஒருவரும் சிரிக்கவில்லை.

தரணிபதி சிரிக்கப் பார்த்தான். வாய் ஒரு பக்கமாகக் கோணியதோடு சரி. நீட்டியிருந்த கைகள் எப்போதோ முதுகுக்குப் பின்னால் போயிருந்தன.

சென்னியப்பன் இரண்டாம் முறையும் பாடினார். இன்னும் தாழ்ந்த குரலில். மாப்பிள்ளையை மட்டும் பார்த்து.

தெய்வானை ஒருத்தி கைதட்டினாள். தாளம் பிசகாமல்.

பாட்டு முடிந்தது.

"எந்திரி கண்ணு," என்றார். "வண்டி நிக்குது."

சுகந்தி நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். போடாத வளையல்கள் தட்டிலேயே கிடந்தன. வழியை யாரும் மறிக்கவில்லை.

மாப்பிள்ளையின் கைக்கு நேர்ந்தது அன்றைக்கே நேர்ந்தது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு.

தவறு. அன்றைக்குப் பாட்டோடு சரி.

குழந்தை பிறந்து, பேர் வைத்து, விருந்தாளிகளை வழியனுப்பும் வரை சென்னியப்பன் பொறுத்திருந்தார்.