லூர்து மேரி கதவு

வண்டியிலிருந்து புதுக் கதவை இறக்கிச் சுவரில் சாய்த்ததும் ஜனகராஜ் முதலில் பார்த்தது மாயக்காளின் நெற்றியைத்தான். எட்டணா அகலத்துக்குக் குங்குமம் பளிச்சென்று இருந்தது. அப்பாடா, இந்த வீட்டில் இன்னும் கெட்டது ஒன்றும் நடக்கவில்லை என்று மூச்சு விட்டார்.

"மதுர மரக்கடை அண்ணந்தானே? வாங்கண்ணே," என்றாள் அவள். "என்னாண்ணே இது, கேக்காமலே இன்னொரு கதவு? இருக்கறது ஒரு வாசல்தான்."

ஜனகராஜுக்குச் சிரிப்பு வரவில்லை. போன வருஷம் அவர் விற்ற கதவு அவளுக்குப் பின்னால் நின்றது. அதற்கு மஞ்சள் பூசி, கனகாம்பரம் வேறு சுற்றியிருந்தாள். எமனைக் கூப்பிட்டு உட்கார வைத்து மாலையும் போட்டிருக்கிறாளே பாவி மகள் என்று நினைத்துக்கொண்டார்.

தூத்துக்குடியில் டீசல் போட்டுகள் வந்த பிறகு, பாய் விரித்து மீன் பிடித்த பழைய வள்ளங்களை உடைத்துப் பலகையாக விற்றார்கள். ஜனகராஜ் அதை லாரியில் மதுரைக்குக் கொண்டுவருவார். எந்த வருஷம் கட்டியது, யார் ஓட்டியது, எந்தப் புயலில் தப்பியது என்று ஒவ்வொரு வள்ளத்தின் வரலாற்றையும் தரகரிடம் கேட்டு நோட்டில் ஒரு பக்கம் எழுதிக்கொள்வார். கதவுக்கும் கட்டிலுக்கும் மரம் கேட்டு வருகிறவர்களுக்கு அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டுவார். ராசியான வள்ளம் என்றால் பலகை தானாக விலைபோகும்.

போன வருஷம் கடைக்கு வந்த மாயக்காள் கைவைத்த பலகை 'மிக்கேல் சம்மனசு' வள்ளத்துடையது. எழுபத்தேழு ஐப்பசிப் புயலில் நாலு பேரோடு போய், பாய் கிழிந்து, ஆளில்லாமல் கரை ஒதுங்கிய வள்ளம் அது. அந்தப் பக்கத்தைப் படித்தால் அடுப்பெரிக்கக்கூட யாரும் வாங்க மாட்டார்கள். ஜனகராஜ் நைசாகத் தாளைப் புரட்டி 'லூர்து மேரி'யின் வரலாற்றைப் படித்துவிட்டார்.

"முப்பது வருசம் ஓடுன வள்ளம் தாயி. இதுல போனவன் ஒருத்தன்கூட வீடு திரும்பாம இருந்ததில்ல. இப்பயும் எல்லாரும் நல்லாருக்காங்க."

அதை இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள் மாயக்காள். பேரம் பேசவே இல்லை. பலகையில் யாரோ கத்தியால் ஒரு காளையைக் கீறி வைத்திருந்தார்கள், திமில் பெருத்து, இடக்கொம்பு ஒடிந்த காளை. ஆசாரி இழைப்புளியை எடுத்தபோது, "அது இருக்கட்டும், இழைக்காதீக," என்றாள். உழவு மாடு வைத்திருக்கும் வீட்டுக்கு மாட்டுப் படம் பொருத்தம்தான் என்று ஜனகராஜும் விட்டுவிட்டார்.

மகள் ராதாமணிக்கு வளைகாப்பு நடந்த அன்றைக்குத்தான் வினை பிடித்தது. ஊரான் வீட்டு வாசலில் சாவை மாட்டிவிட்டு வந்தவன் வீட்டில் பிள்ளை நல்லபடியாகப் பிறக்குமா என்று நெஞ்சு குத்த ஆரம்பித்தது. பத்து நாளாகச் சோறு இறங்கவில்லை. கடைசியில் ஒரு தேக்குக் கதவைப் பஸ் மேல் ஏற்றி, உசிலம்பட்டியில் வண்டி பிடித்து வந்து நிற்கிறார்.

"உன் வீட்டுக்காரர் எங்க தாயி?"

"மழ பொய்ச்ச வருசம் பொழைக்கப் போனாருண்ணே. வந்துருவாரு."

"கடுதாசி போடுறாரா?"

"அவருக்கு எழுதத் தெரியாதுண்ணே. ஆனா நல்லாத்தான் இருக்காரு," என்று கதவில் சரிந்திருந்த பூவைச் சரி செய்தாள்.

அந்த மனுஷன் திரும்பி வந்து இந்தக் கதவைத் தொடுவதற்குள் கழற்றிவிட வேண்டும் என்று ஜனகராஜுக்குப் பரபரத்தது. மனசுக்குள் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்த பேச்சு, இப்போது தலைகீழாகக் கொட்டியது.

"தாயி, நான் ஒன்ன ஏமாத்திட்டேன். அன்னைக்குப் படிச்சது இந்த வள்ளத்துக் கதை இல்ல. இது வேற. புயல்ல போனது. நாலு பேரும் போயிட்டாங்க, வள்ளம் மட்டுந்தான் கரைக்கு வந்துச்சு."

மாயக்காளின் கை பூவிலேயே நின்றது.

"லூர்து மேரி இல்லையாண்ணே?"

"இல்ல தாயி."

"நாலு பேருமா?"

"நாலு பேருந்தான். மூணு பேரு அந்த ஊரு. ஒருத்தன் எங்கிட்டிருந்தோ பொழைக்க வந்தவனாம், ஊரு பேரு யாருக்கும் தெரியல."

"நல்லா விசாரிச்சீகளாண்ணே?"

"எம்மக வயித்துல இருக்க பிள்ள மேல சத்தியம்."

சொல்லி முடித்ததும் ஜனகராஜுக்கு உடம்பே லேசானது. ஒரு வருஷப் பாவத்தை இறக்கி வைத்த சுகத்தில் கண்கூடக் கலங்கியது. "எனக்குக் காசு எதுவும் வேணாம் தாயி. இதக் கழட்டிட்டுப் புதுச மாட்டிவிட்டுப் போறேன். ஒன் வீட்டுக்காரர் நல்லபடியா வந்து சேரட்டும்."

மாயக்காள் பூவிலிருந்து கையை எடுத்தாள். கதவின் உள்பக்கம் போய், கீறி வைத்திருந்த காளையின் ஒடிந்த கொம்பை விரலால் தடவினாள். பிறகு திரும்பித் தொழுவத்தைப் பார்த்தாள். ஜனகராஜும் பார்த்தார். அங்கே ஒரு கிழட்டுக் காளை படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. அதற்கு இடக்கொம்பு இல்லை.

முந்தானையை எடுத்து நெற்றியை அழுத்தித் துடைத்துக்கொண்டே அவள் சொன்னாள்.

"இதக் கீறுனது அவருதாண்ணே."