கன்ட்ரோலர் பாக்கி

ஆறாயிரத்து இருநூறு ரூபாய் பாக்கி. காரில் வேகத்துக்காக மாட்டிய, இன்ஜினுக்குக் கூடுதல் பெட்ரோல் விடும் கன்ட்ரோலருக்கு, மெக்கானிக் சுஃபியானுக்கு பீம்ராவ் தரவேண்டியது. கேட்டுக் கேட்டு வாய் வலித்துப்போன சுஃபியான், ஸ்பேனரோடு கல்மண்டபத்தில் பீம்ராவ் வீட்டுக்கே வந்து பானெட்டைத் திறந்தான்.

“மாமு, அத்த மட்டும் கயட்டாத! அடுத்த வாரம் துட்டு தரேன்.”

“பொங்கல்லேர்ந்து இதையேதான் சொல்லிகினு கீற. நவுரு!”

பீம்ராவ் கெஞ்சக் கெஞ்சக் கழற்றி, ஒயர்களைப் பழையபடி சேர்த்து, வண்டியை ஓட்டியும் பார்த்துவிட்டு, “பாக்கியும் வாணாம், உன் சங்காத்தமும் வாணாம்” என்று கன்ட்ரோலரோடு போனான் சுஃபியான்.

“தெருவே வேடிக்க பாக்குது, இப்டியா கெஞ்சுவ?” என்றாள் மனைவி சங்கமித்ரா.

“பெட்ரோல தண்ணியா குடிக்குது, கயட்டிக் கடாசுன்னு நீதானம்மே சொன்ன? கயட்டவே மத்த மெக்கானிக்குங்க மூவாயிரம் கூலி கேட்டானுங்க. கோவம் வந்தா இவன் சும்மாவே கயட்டுவான்னுதான் துட்டு குடுக்காம இழுத்தேன். இப்ப பாக்கியும் பூட்ச்சு!”